சேர்ட்டுக்குள் மறையும் துவக்கைச் செய்தவர்

எங்கள் பெரியம்மா கடைக்கு வருகிற ஆண்களின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார். சேர்ட்டை வெளியே விட்டிருப்பவர் என்றால் அவர் சாமானை வாங்கிக்கொண்டு போகும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் வர மாட்டார். 2007இல் ஒரு பின்னேரம் பெரியப்பாவைச் சுட்டவன் சோடா கேட்டுத்தான் வந்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஒருவன் இறங்கவில்லை. மற்றவன் காசு எடுக்கிறவனைப் போல இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனான். மறுநாள் பத்திரிகையில் இனந்தெரியாத ஆயுததாரிகள் என்று போட்டார்கள். இன்றுவரை அவர்கள் இனந்தெரியாதவர்கள்தான்.

மரண விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 9 மில்லிமீற்றர் சன்னக் கோதுகள் இரண்டு. அப்போது நான் பாடசாலை மாணவன். பின்னர் ஊடகக் கற்கை படிக்கப்போன இடத்தில், அந்த ஆண்டுகளின் பத்திரிகைத் தலைப்புகளை எண்ணி ஒரு கட்டுரை எழுதினேன். யார் அனுப்பியது, யார் சுட்டது, யார் விசாரிக்காமல் விட்டது என்ற கேள்விகள் எல்லோரிடமும் இருந்தன. ஒரு துவக்கை இடுப்பில் செருகி, மேலே சேர்ட்டை இழுத்துவிட்டு, சனத்தோடு சனமாகக் கடைக்குள் வரக்கூடிய அளவுக்கு அதைச் சின்னதாக்கியது யார் என்று கேட்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

அதற்கான பதிலில் பெரும் பகுதி ஒரே மனிதரிடம் போய் நிற்கிறது. ஜோன் மோசஸ் பிரவுனிங். எங்கள் அம்மம்மாவுக்கு அவருடைய பெயர் தெரியாது. ஆனால் அவருடைய இன்னொரு துவக்கைத் தெரியும். ஹெலி வருகிற சத்தம் கேட்டதும் ஐம்பது கலிபர் என்று கத்திக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறை அது. (எங்கள் சனம் அந்த அளவுத் துவக்குகள் எல்லாவற்றையும் அப்படித்தான் அழைத்தது. சீன, ரஷ்யத் தயாரிப்புகளும் அதற்குள் அடக்கம். ஆனால் அந்தப் பெயரின் மூலம் பிரவுனிங்கின் துவக்குத்தான்.)

அவர் 1855இல் அமெரிக்காவின் யூட்டாப் பிரதேசத்தில் ஒக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் ஜொனதன் துவக்குத் தச்சர். மோர்மன் சமயத்தவர். 1846இல் இலினோய் மாநிலத்தின் நோவூ நகரிலிருந்து அந்தச் சமயத்தவர்கள் விரட்டப்பட்டு, வண்டில் கட்டி மேற்கே நடந்தபோது, வழியில் தங்கிய இடத்தில் பட்டறை போட்டு அவர்களுக்குத் துவக்குச் செய்து கொடுத்தவர் இந்தத் தகப்பன். அதாவது இது இடம்பெயர்ந்த ஒரு சனத்தின் கொல்லனுடைய குடும்பம். இதை வாசித்தபோது நான் கொஞ்சம் நிதானித்தேன். வேறொரு ஆளை எதிர்பார்த்துத்தான் இந்த வாழ்க்கைக்குள் போயிருந்தேன்.

ஜொனதனுக்கு மூன்று மனைவியர், இருபத்திரண்டு பிள்ளைகள். ஜோன் பட்டறைக் குப்பையில் வளர்ந்தார். பத்து வயதில், உடைந்த ஒரு குழலை மரத்துண்டில் கம்பியால் கட்டி, தம்பி மற் என்பவரோடு போய் காட்டுக் கோழி சுட்டு வந்தார். தகப்பன் கோழியைச் சாப்பிட்டுவிட்டு, துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த வயதில் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாம் என்ற தோரணையில் சொன்னாராம். அந்தச் சொல் மகனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை என்று குடும்பத்தார் சொல்வதுண்டு.

1879இல் தகப்பன் இறந்தார். அதே ஆண்டு மகனுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. ஒரு தடவையில் ஒரு சன்னம் மட்டும் சுடும் றைபிள் அது. சகோதரர்கள் சேர்ந்து ஒக்டனில் அதைச் செய்து விற்றார்கள். அந்தத் துவக்கில் ஒன்று வின்செஸ்ரர் கம்பனியின் கையில் கிடைக்க, 1883இல் கம்பனியின் பெரியவர் பெனற் நாட்டின் மறு கரையிலிருந்து ரயிலேறி வந்து, 8,000 டொலர் கொடுத்து உரிமையை வாங்கிப்போனார். அதன் பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள் இவர் வடிவமைப்பார், அவர்கள் வாங்குவார்கள். வாங்கியதில் பலவற்றை அவர்கள் செய்யவே இல்லை. போட்டிக் கம்பனிக்குப் போகாமலிருந்தால் போதும் என்று பூட்டி வைத்தார்கள். நடுவில் 1887இலிருந்து இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோர்ஜியா மாநிலத்தில் சமய ஊழியத்துக்கும் போய்வந்தார்.

இயந்திரத் துவக்கு பற்றிய யோசனை அவருக்கு வந்த விதம் எல்லோரும் சொல்லும் கதை. ஒருவர் சுட்டபோது குழல்வாயிலிருந்து வெளியேறிய காற்று எதிரே நின்ற நாணல் புல்லை வளைத்தது. வீணாகப் போகிற அந்தச் சக்தியைக் கொண்டே அடுத்த சன்னத்தை ஏற்றலாமே என்று நினைத்தார். அங்கிருந்துதான் அவருடைய இயந்திரத் துவக்குகள் வந்தன. அதை நான் இங்கே விரித்து எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சின்னத் துவக்கு.

1890களில் ஒருவர் சட்டைப்பையில் துவக்கு வைத்துக்கொள்ள விரும்பினால் அவருக்குக் கிடைத்தது ரிவோல்வர். அதன் நடுவே ஆறு சன்னம் கொள்ளும் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். எந்தக் கோட்டுக்குள் வைத்தாலும் தெரியும். பின்னால் துருத்தும் சுத்தி, அவசரத்தில் இழுக்கும்போது துணியில் மாட்டும். பிரான்சில் சைக்கிளோட்டிகளைத் துரத்தும் நாய்களைச் சுடுவதற்கென்றே வெலோ-டோக் என்ற சிறு ரிவோல்வர் ஒன்று விற்றார்கள். எங்கள் ஒழுங்கைகளில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த எவருக்கும் அந்த ஆசை புரியும். ஆனால் அதுவும் உருளைதான். தானியங்கிப் பிஸ்டல்கள் அப்போது வந்திருந்தாலும், ஜேர்மனியின் பொர்ச்சார்ட், மௌசர் போன்றவை பைக்குள் அடங்காத பெரிய சாமான்கள்.

பிரவுனிங் செய்தது பார்வைக்கு எளிய காரியம். குழலைச் சுற்றி ஒரு இரும்பு உறையைப் போட்டார். ஸ்லைட் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சுட்டதும் அது பின்னுக்கு ஓடி, வெற்றுக் கோதை வெளியே தள்ளி, முன்னுக்கு வரும்போது அடுத்த சன்னத்தைக் குழலுக்குள் ஏற்றும். சன்னங்கள் உருளையில் இல்லை, கைபிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். சுத்தி உள்ளே ஒளிந்துவிட்டது. துவக்கு தட்டையாகிவிட்டது. ஒரு தடித்த புத்தகத்தைப் போலக் கோட்டுக்குள் கிடக்கும்.

அமெரிக்காவில் அதைச் செய்ய ஆளில்லை. அதை எடுத்தது பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் பக்கத்தில், ஹேர்ஸ்ரல் என்ற இடத்திலிருந்த எவ்.என். தொழிற்சாலை. பெல்ஜிய இராணுவத்துக்கு மௌசர் றைபிள் செய்வதற்காக 1889இல் தொடங்கிய இடம். அந்த வேலை முடிந்த பிறகு சைக்கிள் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் 1897இல் அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் பிரவுனிங்கின் மாதிரியைக் கண்டு கொண்டுபோனார். 1900ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர் பெற்ற 7.65 மில்லிமீற்றர் பிஸ்டல் அப்படிப் பிறந்தது. ஏழு சன்னம். பெல்ஜிய அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள், பிறகு கடைகளில் எவருக்கும் விற்றார்கள்.

1906இல் இன்னும் சின்னது. நீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். நிறை 400 கிராமுக்கும் குறைவு. உள்சட்டைப் பைக்கென்றே செய்தது. இதற்காகவே 6.35 மில்லிமீற்றர் என்று வலுக்குறைந்த ஒரு சன்னத்தையும் உண்டாக்கினார். காரணம் இருக்கிறது. இந்த வகைத் துவக்கில் குழலைப் பூட்டி வைக்க ஒன்றும் இல்லை, உறையின் பாரமும் சுருளின் விசையும்தான் வெடியைத் தாங்குகின்றன. துவக்கைச் சின்னதாக்கினால் பாரம் குறையும், ஆகவே வெடியும் குறைய வேண்டும். வாங்குகிறவர் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது: நன்றாக ஒளிய வேண்டுமா, நன்றாகச் சுட வேண்டுமா. கைகளால் இறுக்கிப் பிடித்தால் மட்டும் சுடும்படி கைபிடியின் பின்னால் ஒரு காப்புப்பட்டையும் வைத்திருந்தார், பையிலே வைத்திருப்பவரின் காலிலேயே வெடித்துவிடாமலிருக்க. 1910 மாதிரியில் குறிபார்க்கும் முனைகளைக்கூட மேலே ஒரு பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார். துணியில் மாட்ட எதுவும் மிச்சமில்லை. ஸ்பெயினின் ஐபார் நகரப் பட்டறைகள் இவற்றைப் பார்த்துப் பார்த்துப் போலி செய்தன. பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும் பிரவுனிங் என்றாலே பிஸ்டல் என்றாயிற்று.

அடுத்து நடந்தவை வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றன. 1904 ஜூனில் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிக்கோவ். 1909 ஒக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரொபூமி. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ். வாஞ்சிநாதன் அவரைச் சுட்டு, பிறகு தன்னையும் சுட்டுக்கொண்ட துவக்கில் பெல்ஜியத் தொழிற்சாலையின் பெயரும் பிரவுனிங்கின் பெயரும் பொறித்திருந்தன. 1914 ஜூன் 28இல் சராயேவோ. பிரின்சிப் என்ற பத்தொன்பது வயதுப் பையனின் கையில் 1910 மாதிரி. சுட்டவர்களில் சிலருக்குச் சிலை உண்டு, மணியாச்சி நிலையத்துக்கு வாஞ்சியின் பெயரே உண்டு. ஒரு பக்கத்தின் தியாகி மறுபக்கத்தின் கொலைகாரன் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. நான் கவனித்தது வேறு. காவல் நின்றவர்கள் எவரும் சுட்டவரின் கையில் துவக்கு வரும்வரை அதைக் காணவில்லை.

சட்டங்கள் பின்னால் ஓடிவந்தன. நியூயோர்க் மாநிலம் 1911இல், மறைத்து வைக்கக்கூடிய சிறு துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது.

1914ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் எவ்.என். தொழிற்சாலை தன் பத்து இலட்சமாவது பிரவுனிங் பிஸ்டலைக் கொண்டாடியது. பெல்ஜிய அரசர் பிரவுனிங்குக்கு லியோபோல்ட் விருது கொடுத்தார். சில மாதங்களில் அவருடைய பிஸ்டல் ஒன்று சராயேவோவில் வெடித்தது. ஓகஸ்டில் ஜேர்மன் படை லியேஜுக்குள் புகுந்தது. விருந்து நடந்த தொழிற்சாலை ஆக்கிரமிப்பில். ஒரு பிஸ்டல்தான் உலகப் போரைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. போருக்குக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டின் மாதங்களை வரிசையாக வாசிக்கும்போது வயிற்றை ஏதோ செய்கிறது.

போர் பெரிதானபோது அவர் அமெரிக்க இராணுவத்துக்கு இயந்திரத் துவக்குகளைக் கொடுத்தார். மகன் வால் 1918இல் அவற்றோடு பிரான்சின் களத்துக்கே போனார். அரசாங்கம் தர முன்வந்த 750,000 டொலரைப் பேரம் பேசாமல் ஏற்றார். காப்புரிமைக் கணக்குப்படி வர வேண்டியது அதைவிடப் பல மடங்கு. பேராசைக்காரர் என்று அவரை எழுத முடியாது. நான் தேடியது அப்படிப்பட்ட ஆளைத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிடைத்தவர் விடிய எழும்பிப் பட்டறைக்குப் போகிறவர், குடும்பம், சமயம், வேலை என்று இருந்தவர். 1964இல் மகன் ஒருவர் இணைந்து எழுதிய வாழ்க்கை வரலாறும் அப்படித்தான் காட்டுகிறது. அவருக்குத் தெரிந்த துவக்கு, ஒக்டன் மலையடிவாரத்தில் தோளில் தெரியும்படி கொண்டுபோகிற துவக்கு.

1926 நவம்பர் 26. ஹேர்ஸ்ரல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலித்தது. மகன் வாலின் அலுவலகத்தில் சாய்மனையில் படுக்க வைத்தார்கள். அங்கேயே இறந்தார். வயது 71. அவர் முடிக்காமல் விட்டுப்போன வேலைகளில் ஒன்று, கைபிடிக்குள் 13 சன்னம் கொள்ளும் 9 மில்லிமீற்றர் பிஸ்டல். அங்கே வேலை செய்த சேவ் என்பவர் அதைத் திருத்தி 1935இல் வெளியே கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் இரண்டு பக்கமும் அதைக் கொண்டு சுட்டன. சுடும்போது குழலின் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உறையிலிருந்து விடுபடுகிற அவருடைய முறையைத்தான் இன்று உலகில் புழங்கும் 9 மில்லிமீற்றர் பிஸ்டல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. ஆகவே பெரியப்பாவின் கடையில் வெடித்தது எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும், இந்த மனிதரின் கை அதில் இல்லாமலிருக்க வாய்ப்புக் குறைவு.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அந்த மனுசனுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டார். இருந்தார்கள் என்றேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது நின்றார்களா என்று கேட்டார். மகனுடைய அறையில்தான் போனார் என்றேன். ம் என்றுவிட்டு அரிசி அளக்கப் போய்விட்டார்.

ஒக்டனின் பழைய ரயில் நிலையத்தில் இன்று பிரவுனிங் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் கடைத் தரையில் பொறுக்கிய இரண்டு கோதுகளையும் பொலிஸார் ஒரு காக்கிக் கடித உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு இலக்கம் ஒன்று தந்தார்கள். பெரியம்மா அதை ஒரு துண்டில் எழுதி, கல்லா லாச்சிக்குள் சில்லறைக்குக் கீழே வைத்திருக்கிறார்.