மருந்தியல் மேதை சுப்பாராவ்

தன்னுடையது எது, அயலானது எது என்று பகுத்தறியும் ஆற்றல் மனித உடலுக்கு உண்டு. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் அவ்வாற்றலே, மாற்றிப் பொருத்தப்படும் சிறுநீரகத்தையும் பகையெனத் தாக்குகிறது. அதனை அளவறிந்து அடக்கும் மருந்தியல் நெறிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

இவர் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த இவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண விழைந்தார், தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு மடத்துத் துறவியர் நெறிப்படுத்தினர். அதன்படி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். தகுதியே கிட்டியது. அந்நாளில் ஸ்புரூ என்னும் குடல்நோய் இவருடைய தமையனாரின் உயிரைப் பறித்தது.

1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்து ஹார்வர்டில் பயின்றார். பொருள் முடையால், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிவுக் கலங்களைத் தூய்மை செய்யும் இரவுப் பணியையும் மேற்கொண்டார். 1925இல் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை வெளியிட்டார். சிறுநீரகம் பழுதுற்றால் குருதியில் பாஸ்பரஸ் மிகும் என்பதால், அம்முறை மருத்துவர்க்குப் பெரிதும் பயன்பட்டது.

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. தமையனைக் கவர்ந்த நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. அவ்வமிலம் இன்றி உயிரணுக்கள் பெருக இயலா. எனவே, அதனைப் போன்றே அமைந்து அதன் வினையைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் தணித்ததை மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார். அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட், நோயெதிர்ப்பு அணுக்களின் பெருக்கத்தையும் அடக்க வல்லதாயிற்று.

சுப்பாராவ் இரவுப் பணி புரிந்த அதே மருத்துவமனையில், 1954இல் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று வெற்றி கண்டது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால் உடல் எதிர்க்கவில்லை. பிறருக்கோ மருந்தின் துணை வேண்டியிருந்தது. பெருகும் அணுக்களின் ஆக்கப்பொருளைத் தடுக்கும் அதே நெறியில், பிற அறிஞர்கள் உருவாக்கிய அசாதியோபிரின் 1960களில் அத்தடையைத் தளர்த்தியது. இன்று எதிர்ப்பொருள் மிகுந்த நோயாளிகளுக்கு, அறுவைக்கு முன்பே குருதியிலிருந்து அவற்றை நீக்கியும் மருந்தளித்தும் உடலைப் பக்குவப்படுத்துகின்றனர்.

சுப்பாராவ் பயின்ற கல்லூரியின் மருத்துவமனையிலும் இன்று சிறுநீரக மாற்று நிகழ்கிறது. துறவாடை அணிய இயலாது போயினும், தொண்டு என்னும் துறவறத்தை அவர் ஆய்வகத்திலே நிறைவேற்றினார்.