மாயாவதியில் ஓர் அன்னை

இல்லறத்தில் இணைந்த இருவருள் ஒருவர் முன்னே சென்றுவிட, மற்றவர் தனித்து எஞ்சுவது உலக இயற்கை. அந்தப் பிரிவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தாங்குகின்றனர். நினைவுகள் நிறைந்த இடத்தை விட்டே சிலர் விலகிச் செல்கின்றனர். துயரத்தையே துணையாகக் கொண்டு வாழ்நாளைக் கழிப்போரும் உண்டு. கணவர் உயிர் நீத்த அதே மலையைத் தமது வீடாகக் கொண்டு, அவர் தொடங்கிய பணியையே அவர்மீது கொண்ட அன்பின் வடிவமாக ஆக்கிக்கொண்டவர் திருமதி சார்லட் சேவியர். சுவாமி விவேகானந்தரின் ஆங்கிலேயச் சீடர்களுள் தனியிடம் பெற்றவர் அவர்.

அவருடைய கணவர் கேப்டன் ஜேம்ஸ் ஹென்றி சேவியர், ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவர் மனைவி இருவருக்குமே உண்மையை அறியும் தாகம் இருந்தது. பல சமயப் பிரிவுகளையும் நாடிப் பார்த்தும் அவர்களுக்கு நிறைவு கிட்டவில்லை. 1896-ஆம் ஆண்டு லண்டனில் சுவாமிஜி ஞான யோகம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டபோது, தாங்கள் தேடியது இதுவே என்று இருவரின் உள்ளமும் ஒருசேர உணர்ந்தது. ஒருவரை மற்றவர் வற்புறுத்த வேண்டிய தேவை எழவில்லை. முதல் சந்திப்பிலேயே சுவாமிஜி திருமதி சேவியரைத் தாயே என்றழைத்து, இந்தியாவுக்கு வருமாறு அன்புடன் வேண்டினார். அவ்வாண்டு கோடையில் அவருடன் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பயணம் செய்தபோது, இமயமலையில் ஓர் ஆசிரமம் அமைக்கும் எண்ணம் மூவரின் உள்ளத்திலும் உருப்பெற்றது.

நடுத்தர வயதைக் கடந்திருந்த அத்தம்பதியர் தங்கள் உடைமைகளை விற்றுவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் சுவாமிஜியுடன் கப்பலேறினர். 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் கரையிறங்கிய சுவாமிஜியைத் தமிழகம் பாம்பன் தொடங்கிச் சென்னை வரை பெரும் ஆரவாரத்தோடு வரவேற்றது. அந்த வெற்றி யாத்திரையில் இவ்விருவரும் அடக்கமாக உடன் வந்தனர்.

தமிழகத்திற்கும் இவர்களுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. சென்னையில் 1896-இல் தொடங்கப்பட்ட ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில மாத இதழை, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் ஆசிரியராக இருந்து நடத்திவந்தார். 1898-இல் தமது 26-ஆம் வயதில் அவர் காலமானதும் இதழ் நின்றுபோனது. சுவாமிஜியின் விருப்பப்படி அது அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. சுவாமி ஸ்வரூபானந்தர் ஆசிரியராகவும் கேப்டன் சேவியர் நிர்வாகியாகவும் பொறுப்பேற்றனர்.

அதன்பின் ஆசிரமத்திற்கு உகந்த இடம் தேடி மலைகளெங்கும் அலைந்தனர். இன்றைய உத்தராகண்டில், லோஹாகாட்டுக்கு அருகே, சுமார் 6,400 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டமாக இருந்த மாயாவதி அவர்களுக்குக் கிட்டியது. நாற்புறமும் தேவதாரு மரங்கள். வடக்கே பனிமூடிய சிகரங்கள். 1899 மார்ச் 19 அன்று அத்வைத ஆசிரமம் அங்கே தோன்றியது. லண்டனின் வசதிகளை அறிந்திருந்த தம்பதியர், தபாலும் பண்டங்களும் மலைப்பாதையில் சுமந்து வரப்பட வேண்டிய அந்தத் தனிமையை மகிழ்வோடு ஏற்றனர். சேர்ந்து ஆன்மிக சாதனை செய்வதே தாம்பத்தியத்தின் பொருள் என்னும் நம் நாட்டுக் கருத்துக்கு அவர்களது வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாயிற்று.

அந்த வாழ்க்கை இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. கேப்டன் சேவியர் நோயுற்று, 1900 அக்டோபர் 28 அன்று மாயாவதியிலேயே காலமானார். அவரது விருப்பப்படி அவ்வுடல் ஆற்றங்கரையில் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. பிறந்த மண்ணுக்கும் உறவினருக்கும் வெகு தொலைவில், துறவியர் சிலரே சூழ்ந்திருக்க, திருமதி சேவியர் தமது வாழ்க்கைத் துணையை அந்த மலைக்கு அர்ப்பணித்தார்.

மேலைநாடுகளிலிருந்து திரும்பி டிசம்பர் 9 அன்று பேலூரை அடைந்த சுவாமிஜி, அவருக்கு ஆறுதல் கூறுவதற்காக உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் புறப்பட்டார். கடும் குளிரிலும் பனிப்பொழிவிலும் மலைப்பாதையைக் கடந்து 1901 ஜனவரி 3 அன்று மாயாவதியை அடைந்து, 18-ஆம் தேதி வரை தங்கினார். அங்கே அவர் கண்டது, இழப்பை அமைதியோடும் துணிவோடும் தாங்கி நின்ற ஒரு தாயை. அந்த மனவலிமையைத் தமது கடிதத்திலும் அவர் பாராட்டி எழுதினார்.

அந்த அமைதியை உணர்ச்சியின்மை என்று கொள்ளலாகாது. அவர் விரும்பியிருந்தால் இங்கிலாந்து திரும்பி, தம்மவர் நடுவே எஞ்சிய நாட்களைக் கழித்திருக்கலாம். அதைக் குறைகூறுவார் எவரும் இரார். தாய்நாட்டுக்குச் சென்றபோதும் அவர் மாயாவதிக்கே திரும்பிவந்தார். கணவரின் மூச்சுக்காற்று கலந்திருந்த இடம் அது. அதைவிட, இருவரும் சேர்ந்து ஏற்ற விரதம் நிறைவேற வேண்டிய இடமும் அதுவே. பிரிந்தவரை நினைத்திருப்பதும் அவர் நேசித்த பணியைச் செய்வதும் அவருக்கு வெவ்வேறாக இருக்கவில்லை.

துயரங்கள் அத்துடன் ஓயவில்லை. 1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி எய்தினார். 1906-இல் ஆசிரமத்தின் தூணாக விளங்கிய ஸ்வரூபானந்தரும் இளவயதிலேயே மறைந்தார். ஆசிரமம் உருவாகக் காரணமானவர்கள் ஒவ்வொருவராகச் சென்றுவிட, அன்னை நிலையாக நின்றார். துறவியர் அவரைத் தாயாகவே போற்றினர். மருத்துவ உதவி அரிதாயிருந்த அம்மலைவாசிகளுக்காக 1903-இல் தர்ம மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஸ்வரூபானந்தருக்குப் பின் தலைமையேற்ற சுவாமி விரஜானந்தரின் காலத்தில், விவேகானந்தரின் சொற்பொழிவுகளும் எழுத்துக்களும் 1907 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. 1912 முதல் சுவாமிஜியின் விரிவான ஆங்கில வாழ்க்கை வரலாறும் மாயாவதியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. இப்பணிகளுக்கெல்லாம் அன்னையின் ஆதரவும் உழைப்பும் உறுதுணையாயின. பின்னர் சியாமளாதாலில் விரஜானந்தர் ஓர் ஆசிரமம் அமைத்தபோதும் அவர் துணைநின்றார். இத்தனைக்கும் நடுவே அவர் தம்மைப் பற்றிப் பேசியதோ எழுதியதோ மிகக் குறைவு.

முதுமை நெருங்கிய பின்னர், 1916-இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். 1930-இல் அங்கே அவரது வாழ்வு நிறைவுற்றது. கணவரின் பிரிவுக்குப்பின் அவர் வாழ்ந்தது முப்பது ஆண்டுகள்.

அவர்கள் நட்ட ஆசிரமம் இன்றும் இமயத்தில் நிலைத்திருக்கிறது. சென்னையில் பிறந்த இதழ் இன்றும் வெளிவருகிறது. அன்புக்குரியவரை இழந்தவர்களுக்குக் காலம் எல்லாவற்றையும் மறக்கச் செய்யும் என்று பிறர் ஆறுதல் கூறுவது வழக்கம். மறக்க வேண்டியதில்லை என்பதை அன்னை சேவியரின் வாழ்க்கை காட்டுகிறது. இறைவனை முன்னிட்டு இருவர் கொண்ட அன்பு, ஒருவர் மறைந்த பின்னும் சேவையாகத் தொடரக்கூடியது. அப்போது துயரமும் மெல்ல மெல்லத் தவமாகக் கனிகிறது.