பாட்டும் நகைப்பெட்டியும்: பிரான்சிஸ் ரிட்லி ஹவர்கல்

எமது காலை ஆராதனைகளில் பாடிய பாமாலைகளுள், உயிர், கைகள், கால்கள், குரல் என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்படைக்கும் பாட்டொன்று உண்டு. அதன் இராகம் பழைய மாணவியர் பலருக்கு இன்றும் மறந்திராது. எழுதியவரை அறிந்தவர்கள் குறைவு.

பிரான்சிஸ் ரிட்லி ஹவர்கல் 1836 டிசெம்பர் 14ஆம் திகதி இங்கிலாந்தில், வூஸ்டர்ஷயரைச் சேர்ந்த அஸ்ற்லி கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் அங்கிலிக்கன் குருவானவர். தேவாலய இசையமைப்பிலும் பெயர் பெற்றவர். பதினொரு வயதில் தாயை இழந்த பிரான்சிஸ், பின்னர் ஜேர்மனியில் கல்வி கற்றார். எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். வேதாகமத்தின் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். பியானோவிலும் வாய்ப்பாட்டிலும் மேடைக்குரிய திறமை இருந்தது.

1858இல் ஜேர்மனியில் கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் ஒரு படத்தைப் பார்த்து, சில வரிகளைப் பென்சிலால் எழுதினார். பிடிக்கவில்லை, அடுப்பில் எறிந்தார். தாள் எரியாமல் வெளியே விழுந்தது. பின்பு அதை ஓர் ஏழை மூதாட்டிக்கு வாசித்துக் காட்ட, அவர் மகிழ்ந்ததால் பத்திரப்படுத்தினார். தகப்பனார் அதற்கு இராகம் அமைத்தார்.

மேலே சொன்ன பாட்டு 1874 பெப்ரவரியில் பிறந்தது. அரெலி ஹவுஸ் என்ற வீட்டில் சில நாட்கள் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அங்கிருந்த பத்துப் பேரும் ஆண்டவரின் ஆசீர்வாதத்தைப் பெறவேண்டும் என்று மன்றாடினார். அப்படியே நடந்ததென்று கண்ட கடைசி இரவில், மகிழ்ச்சியால் நித்திரை வரவில்லை. இரண்டிரண்டு அடிகளாகப் பாட்டு உருவாயிற்று.

எழுதியதோடு அவர் விட்டுவிடவில்லை. குரலைக் கொடுத்தேன் என்று பாடியவர், அதன்பின் ஞானப்பாட்டுகளை மட்டுமே பாடினார். விருந்துகளில் கைதட்டல் பெற்ற ஒருவருக்கு இது சிறிய இழப்பல்ல. வெள்ளியும் பொன்னும் பற்றிய அடி நிறைவேற இன்னும் நான்கு ஆண்டுகள் சென்றன. 1878இல் தமது நகைப்பெட்டியையும் அதிலிருந்த ஏறக்குறைய ஐம்பது ஆபரணங்களையும் சீ.எம்.எஸ். மிஷன் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய அதே சங்கந்தான். பெற்றோரின் நினைவாக அன்றாடம் அணியும் ஊசியையும், மறைந்த மருமகளின் படம் வைத்த பதக்கத்தையும் வைத்துக்கொண்டார். அவற்றின் பெறுமதியைப் பணமாகக் கொடுத்துவிட்டார். பெட்டி கட்டியதில் தமக்கு மகிழ்ச்சியே என்று சிநேகிதிக்கு எழுதினார். தாலிக்கொடி எத்தனை பவுண் என்று விசாரிக்கும் ஊரில் வளர்ந்த எமக்கு, அந்த அடியைப் பாடும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் வேண்டும். எல்லோரும் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை; அவரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

அவருடைய உடல்நிலை பெரும்பாலும் பலவீனமானது. 1874இன் இறுதியில் தைபோயிட்டு காய்ச்சல் கண்டு நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். கடைசி மாதங்களில் வேல்ஸ் நாட்டின் கஸ்வெல் குடாவில் சகோதரி மரியாவுடன் வசித்தார். 1879 மே மாதம் மதுவிலக்குப் பணிக்காக வெளியே நின்றபோது குளிர் பிடித்தது. அது வயிற்றறை அழற்சியில் முடிந்தது. இன்று நுண்ணுயிர்க்கொல்லியாலும் சத்திரசிகிச்சையாலும் பலரைக் காப்பாற்றும் நோய் அது. அன்று வைத்தியரிடம் இருந்ததெல்லாம் நோவைத் தணிக்கும் மருந்துதான். ஜூன் 3ஆம் திகதி, 42 வயதில், கட்டிலருகே நின்றவர்கள் கேட்க, பலவீனமான குரலில் பாட முயன்றபடி உயிர் நீத்தார். அஸ்ற்லி தேவாலய வளவில் தகப்பனாரின் கல்லறையருகே அடக்கம் செய்தார்கள்.