அடிமையாகப் பிறந்தார், 66 வயதில் டாக்டர் பட்டம் பெற்றார்!

பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயதில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர், அன்னா ஜூலியா கூப்பர்.

அமெரிக்காவில் வட கரோலினாவிலுள்ள ராலே நகரில் 1858-ம் ஆண்டு பிறந்தார். தாயார் ஹன்னா ஓர் அடிமை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமைதான். அக்காலச் சட்டம் அப்படி!

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. சிறுமி அன்னா பள்ளியில் சேர்ந்தாள். கிரேக்க மொழி வகுப்பு ஆண்களுக்கு மட்டுமே என்றார்கள். வாதாடி இடம் பிடித்தாள். ஜார்ஜ் கூப்பரைச் சந்தித்ததும் அந்தப் பள்ளியில்தான். 1877-ல் கல்யாணம். இரண்டே ஆண்டில் கணவர் இறந்து போனார்.

அன்னாவுக்கு அப்போது வயது 21. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஓபர்லின் கல்லூரியில் படித்து 1884-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

வேலை போயிற்று!

1902-ல், வாஷிங்டனில் கறுப்பர் பிள்ளைகள் படித்த எம் தெரு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். அந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று பெரிய மனிதர்கள் பேசிய காலம் அது. அன்னா ஒப்பவில்லை. அவருடைய மாணவர்கள் ஹார்வர்டு போன்ற சர்வகலாசாலைகளில் இடம் பெற்றார்கள்.

பாராட்டு கிடைத்ததா? இல்லை. பள்ளியில் கட்டுப்பாடு போதாது என்று குற்றம் சாட்டி, 1906-ல் பதவியிலிருந்து நீக்கினார்கள். 4 ஆண்டுகள் வெளியூரில் வேலை பார்த்தார். 1910-ல் திரும்ப அழைத்தார்கள். வெறும் லத்தீன் ஆசிரியையாக! தாம் ஆட்சி செய்த பள்ளியில் பிறருக்குக் கீழே வேலை பார்ப்பது எளிதா? அன்னா போனார்.

டாக்டர் பட்டத்துக்கும் படிக்க ஆரம்பித்தார். கோடை விடுமுறைகளில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்று வந்தார்.

1915-ல், அண்ணன் வழிப் பேரக்குழந்தைகள் ஐந்து பேர் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்த பிள்ளைக்கு 12 வயது, கடைசியோ கைக்குழந்தை. தாய் இல்லாத பிள்ளைகள்! வளர்க்கும் பொறுப்பை அன்னா ஏற்றார்.

கொலம்பியாவில் ஓராண்டு தங்கிப் படிக்க வேண்டும் என்பது விதி. சம்பளத்தை விட்டுவிட்டுப் போனால் ஐந்து பேருக்கு யார் சோறு போடுவது? படிப்பு தடைப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வேறு வழி பிறந்தது. கொலம்பியாவில் படித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள, பாரிஸ் நகரின் சார்போன் சர்வகலாசாலை சம்மதித்தது.

60 நாள் கெடு

1924-ல் லீவு எடுத்துக்கொண்டு பாரிசுக்குக் கப்பலேறினார். எல்லோரும் சமம் என்று முழங்கிப் புரட்சி செய்த பிரான்ஸ், தன் ஆட்சியில் இருந்த அடிமைகளை என்ன செய்தது? இதுவே அவருடைய ஆராய்ச்சி. அவர் கேட்க வேண்டிய கேள்விதான்!

பாதி வேலையில் தந்தி வந்தது. 60 நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பேச்சாம்! அன்னா மூட்டை கட்டினார். 60-வது நாள் காலை, பள்ளி தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது வகுப்பறைக்குள் நுழைந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி நூலை எழுதி முடித்தார், அதுவும் பிரெஞ்சு மொழியில்! 1925 மார்ச்சில் மறுபடியும் பாரிஸ். தேர்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வென்றார். டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த விழாவில் பட்டம் அவர் கைக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பகலில் உழைத்த கறுப்பர்கள் இரவில் படிக்க ஏற்பட்ட பிரீலிங்ஹைசன் சர்வகலாசாலைக்கு 1930-ல் தலைவரானார். அதற்கு இடமில்லாமல் போனபோது தம் வீட்டைத் திறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் வகுப்புகள் நடந்தன.

1964-ல், 105-வது வயதில் காலமானார். 85 ஆண்டுகளுக்கு முன் இறந்த கணவரின் பக்கத்தில், ராலே நகரில் அவரை அடக்கம் செய்தார்கள்.