மாயமல்ல, பட்டறை வேலை!

மாமல்லபுரம் கடற்கரையில் வித்தைக்காரர் பெட்டியைத் திறந்தால் எல்லோரும் அவர் கையைப் பார்ப்பார்கள். நான் பெட்டியைப் பார்ப்பேன். இதை யார் செஞ்சிருப்பாங்க? அப்படித் தேடியபோது கிடைத்தவர்தான் ராபர்ட் ஹூடின். ஹாரி ஹூடினி தன் மேடைப் பெயரை இவர் பெயரிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

1805-ல் பிரான்சில் கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அவரும் அதே தொழிலைக் கற்று, பாரிஸில் தானே இயங்கும் பொம்மைகளைச் செய்து விற்றார். எழுதவும் வரையவும் செய்த அவரது பொம்மை 1844 பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அமெரிக்காவின் பார்னம் அதை விலைக்கு வாங்கினார். 1845-ல் சொந்த அரங்கம் திறந்தார்.

1847-ல் தன் மகனை, முழங்கை மட்டும் ஒரு கம்பில் பட, அந்தரத்தில் கிடத்தினார். அதற்குப் பல ஆண்டு முன்பே நம்ம சென்னையில் சேஷால் என்பவர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்!

1856-ல் அல்ஜீரியாவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். பலசாலியால்கூடத் தூக்க முடியவில்லை. பெட்டியின் அடியில் இரும்பு. மேடைக்குக் கீழே மின்காந்தம். அவ்வளவுதான்! நம்ம எலக்ட்ரிகல் லேபில் தினமும் பார்ப்பதுதானே?

அவரிடம் வேலை பார்த்த மெக்கானிக்கே சாமான்களை நகல் எடுத்து ரகசியமாக விற்றார். வயிற்றில் அடிக்கும் வேலை அது. ஆனாலும் ஹூடின் பட்டறையை மூடவில்லை. புதுசு புதுசாகச் செய்துகொண்டே போனார். 1871-ல் மறைந்தார்.

செய்த பொருளை யாரும் நகல் எடுக்கலாம். அடுத்ததைச் செய்யும் கை நம்மிடம் இருக்கட்டும், தோழர்களே!