ரயிலில் ஏற முடியாத தேசபக்தர்

சேலத்தில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அதன் மேலேதான் ஏற்காடு. மலைக்கு அப்பால், தர்மபுரிப் பக்கம், பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர்.

மலைக்கு இந்தப் பக்கம் சேலம் சிறை. அங்கிருந்து 1912-ம் ஆண்டு ஒருவர் விடுதலையானார். உடம்பில் தொழுநோய் கண்டிருந்தது. அவர்தான் சுப்பிரமணிய சிவா.

சிறை தந்த பரிசு

1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர் சிவா. வ. உ. சிதம்பரனாருடன் சேர்ந்து சுதந்திர முழக்கம் செய்தார். 1908-ல் 10 ஆண்டு தண்டனை கிடைத்தது. அப்பீலில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. சிறையில்தான் நோய் வந்தது.

"பெருவியாதி" என்று ஜனங்கள் அஞ்சிய காலம் அது. நோய் வந்தவரை வீட்டார் ஒதுக்கி வைப்பார்கள். தனிக் குடிசை, தனித் தட்டு!

ஆனால் சிவாவின் மனைவி மீனாட்சி அம்மாள் கணவருடனேயே வாழ்ந்தார். சென்னையில் குடும்பம் நடந்தது. 1913-ல் சிவா "ஞானபாநு" பத்திரிகையைத் தொடங்கினார். 1915-ல் மீனாட்சி அம்மாள் காலமானார். சிவா தனியரானார்.

கால்நடைப் பயணம்

நோயைக் காட்டி, ரயிலில் போகக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. சிவா சோர்ந்தாரா? இல்லை! புண்களைத் துணியால் மூடிக்கொண்டு, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார்.

சொந்த வீடு இல்லாதவருக்குப் பாப்பாரப்பட்டி வீடானது. சின்னமுத்து முதலியார் போன்ற நண்பர்கள் ஆதரவு தந்தார்கள். அங்கே ஆசிரமம் அமைத்தார் சிவா. பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காண சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23-ந் தேதி, அதே ஊரில் கண் மூடினார். வயது 40.

இன்று மருந்து உண்டு

தொழுநோய் பாவத்தின் பலன் அல்ல. பரம்பரை நோயும் அல்ல. அது ஒரு கிருமியால் வருகிறது. 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இதைக் கண்டுபிடித்தார். இன்று 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தொட்டுப் பேசுவதால், சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டிக்கொள்ளாது.

தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டமே இருந்தது. 2019-ல்தான் அது நீங்கியது. அந்தச் சட்டம் மாறுவதற்கு நூறு ஆண்டு முன்பே, மீனாட்சி அம்மாள் தம் கணவரைக் கைவிடாமல் வாழ்ந்து காட்டினார்.

மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடும் கை வீட்டில்தான் கிடைக்கும்.