பாரிஸில் மோர்ஸ் தட்டிய நூர் இனாயத் கான்



நம்ம ஊரில் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது, எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. அந்தப் போர் ஐரோப்பாவில் நடந்தது, நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பஸ்ஸரும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்து மோர்ஸ் தட்டும் பெட்டி செய்தேன். பார்த்த இயற்பியல் சார், பெட்டி சரி, இதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தெரியுமா எனக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்தவர்தான் நூர் இனாயத் கான்.

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அப்பா இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்தவர், வீணை வாசிப்பவர், சூஃபி ஞானி. அம்மா ஓரா ரே பேக்கர், அமெரிக்கர். அப்பாவின் தாய்வழியில் அவர்கள் திப்பு சுல்தானின் வம்சம். திப்பு என்றதும் எனக்கு தியாகதுருகம் மலைதான் ஞாபகம் வந்தது. 1790-ல் திப்புவின் படை அந்தக் கோட்டையை முற்றுகை போட்டும் பிடிக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அந்த மலை தெரியும், பாருங்கள்.

குடும்பம் முதலில் லண்டனில் இருந்தது. 1920-ல் பிரான்சுக்குப் போய், பாரிஸ் பக்கத்தில் சுரேன் என்ற ஊரில் தங்கியது. 1927-ல் அப்பா டெல்லியில் இறந்துவிட்டார். அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட, 13 வயது நூர்தான் இரண்டு தம்பிகளையும் தங்கையையும் பார்த்துக்கொண்டார். பிறகு சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் படித்தார், வீணையும் பியானோவும் வாசித்தார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். புத்தரின் ஜாதகக் கதைகளில் இருபதைத் தேர்ந்தெடுத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1939-ல் லண்டனில் வெளிவந்தது.

அதில் ஒரு குரங்கு ராஜா கதை உண்டு. மனிதர்கள் வில்லோடு வந்து மரத்தைச் சூழ்ந்துகொள்ள, ராஜா தன் உடம்பையே ஆற்றின் மேல் பாலமாக நீட்டி, கூட்டத்தை அக்கரைக்கு அனுப்புகிறது. கடைசியாகப் போகும் குரங்கு மிதித்ததில் ராஜாவின் முதுகு ஒடிந்துபோகிறது. இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1940-ல் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கியது. குடும்பம் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பியது. அப்பா வழி வந்த அகிம்சையில் ஊறியவர் நூர். அவரும் தம்பி விலாயத்தும் உட்கார்ந்து பேசி, ஆபத்தான வேலையைச் செய்வோம், ஆனால் யாரையும் கொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நவம்பரில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் மோர்ஸ் கற்றுக்கொண்டார். குளிரில் விரல்கள் வீங்கிப்போய், தந்திச் சாவியைப் பலமாகத் தட்டுவாராம். கூட இருந்தவர்கள் அதற்கு ஒரு கேலிப் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரி பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் முடிந்ததும் இந்தியாவின் பக்கம்தான் நிற்பேன் என்று அந்த வெள்ளைக்கார அதிகாரிகளிடமே சொல்லியிருக்கிறார். வேலை கிடைக்காமல் போகுமே என்று மறைக்கவில்லை. பொய் அவருக்கு வராது.

அந்தப் பொய் வராத குணம்தான் பிறகு பெரிய தொல்லையாக ஆயிற்று. பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ரேடியோ தெரியும் என்பதால் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மானியர் பிடித்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி நாசவேலை செய்வது அதன் பணி. பயிற்சியில் நூருக்கு வந்த அறிக்கைகளைப் படித்தால் நம்ம ராங்க் கார்டு எவ்வளவோ மேல். தடுமாற்றம் அதிகம், துப்பாக்கி என்றால் பயம், பாராசூட்டில் குதிக்கத் தகுதியில்லை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பொய் விசாரணை வைத்துப் பார்த்தபோது நடுங்கிப்போனார். ஒரு தடவை சைக்கிளில் போனவரை போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டதற்கு, நான் ரகசிய ஏஜென்ட் பயிற்சியில் இருக்கிறேன், ரேடியோ பார்க்கிறீர்களா என்று கேட்டாராம். இதை எழுதியவர் சங்கேதப் பிரிவின் தலைவர் லியோ மார்க்ஸ். அவர் நூருக்குப் பாடம் எடுப்பதற்கு முன் ஜாதகக் கதைப் புத்தகத்தை வாங்கிப் படித்து, அந்தக் கதைகளை வைத்தே சங்கேதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் பிழைகள் குறைந்தன. (ஆசிரியர்கள் கவனிக்கவும்!)

போன வருஷம் பேச்சுப் போட்டியில் மேடை ஏறி, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கினவள் நான். அதனாலோ என்னமோ இந்த அறிக்கைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ரேடியோ தெரிந்த ஆள் அவசரமாகத் தேவைப்பட்டதால் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். 1943 ஜூன் 16 இரவு, லைசாண்டர் என்ற சின்ன விமானம் நிலா வெளிச்சத்தில் அவரைப் பிரான்சில் ஒரு வயல்வெளியில் இறக்கியது. பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குப் போன முதல் பெண் ரேடியோ ஆபரேட்டர் அவர்தான். சங்கேதப் பெயர் மடலேன். போய்ச் சேர்ந்த பத்து நாளுக்குள் இடி விழுந்தது. அவர் வேலை செய்ய வேண்டிய பாரிஸ் வலையமைப்பின் தலைவர்களை ஜெர்மன் ரகசியப் போலீஸ் பிடித்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக மாட்டினார்கள். திரும்பி வந்துவிடு என்று லண்டன் சொன்னது. பாரிஸில் வேறு ஆபரேட்டர் இல்லை, நான் வந்துவிட்டால் தொடர்பே அறுந்துபோகும் என்று நூர் மறுத்துவிட்டார்.

அது எவ்வளவு ஆபத்து என்று புரிய வேண்டும் என்றால், ஜெர்மானியர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தெரிய வேண்டும். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் மத்திய அலையில் ஒரு நிலையத்தை வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது சத்தம் மங்கும். உள்ளே இருக்கிற ஆண்டெனா அந்தத் திசைக்கு நேராகப் போய்விட்டது என்று அர்த்தம். இப்படித்தான் அலை வரும் திசையைத் தெரிந்துகொள்வது. இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒளிந்து ஒருத்தர் மோர்ஸ் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியில் கருவி வைத்திருப்பவருக்கு அலை கிழக்கிலிருந்து வருகிறது, விருத்தாசலத்தில் இருப்பவருக்கு வடக்கிலிருந்து வருகிறது. வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் வெட்டிக்கொள்கிற இடம் நம்ம ஊர். அப்புறம் கருவி பொருத்திய வேன் ஊருக்குள் வந்து தெருவைக் கண்டுபிடிக்கும். கடைசியில் கோட்டுக்குள் சின்னக் கருவியை மறைத்த ஆள் நடந்தே வந்து வீட்டைக் கண்டுபிடிப்பான். ஒரே இடத்திலிருந்து இருபது நிமிஷத்துக்கு மேல் தட்டினால் கதை முடிந்தது. ஒரு ஆபரேட்டர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிசு என்பது அப்போது லண்டனில் போட்டிருந்த கணக்கு.

நூர் கிட்டத்தட்ட பதினேழு வாரம் தாக்குப்பிடித்தார். சுமார் 15 கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறி வீடு மாறி, தலைமுடியின் நிறத்தை மாற்றிக்கொண்டு தட்டினார். ஆயுதம் எங்கே இறக்க வேண்டும், பணம் யாருக்கு வேண்டும், யார் பிடிபட்டார், தப்பிய விமானிகளை எப்படி அனுப்புவது, எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போயிற்று. மெட்ரோ ரயிலில் ஒரு தடவை ஜெர்மன் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்க, சினிமா காட்டும் மெஷின் என்று சொல்லி, லேசாகத் திறந்தும் காட்டினாராம். பொய்யே வராது என்று எழுதப்பட்டவர்!

அக்டோபர் நடுவில், 1943-ல், அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் காத்திருந்தவன் பிடித்தபோது அவன் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்தார். அவென்யூ ஃபோஷ் 84-ம் எண் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். போனதுமே குளிக்க வேண்டும் என்று கேட்டு, குளியலறை ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறிவிட்டார். பிடித்தார்கள். நவம்பர் 25 இரவு வேறு இரண்டு கைதிகளோடு சேர்ந்து மறுபடியும் கூரை வழியாகத் தப்பினார். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் சங்கு ஊதி, காவலர்கள் அறைகளைச் சோதிக்க, மறுபடியும் மாட்டினார். இனி தப்ப மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதுவும் போடவில்லை. விசாரணையில் அவர் எதையுமே சொல்லவில்லை என்று அங்கிருந்த அதிகாரி ஹான்ஸ் கீஃபர் போருக்குப் பிறகு வாக்குமூலம் கொடுத்தார்.

வாயால் சொல்லவில்லை. ஆனால் அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில், சங்கேதத்தோடு சேர்த்து, எழுதி வைத்திருந்தார். எரித்திருக்க வேண்டியதைப் பத்திரப்படுத்திவிட்டார். லண்டன் கொடுத்த ஒரு உத்தரவைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் காரணம் என்கிறார்கள். அந்த நோட்டு ஜெர்மானியர் கையில் கிடைத்தது. அதை வைத்து அவர்களே நூர் மாதிரி லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டன் பல மாதம் நம்பியது. 1944 பிப்ரவரி கடைசியில் அப்படி ஏமாந்து பாராசூட்டில் இறக்கப்பட்டவர்களில் மடலேன் டாமெர்மான் என்ற பெண்ணும் ஒருத்தர். தரையில் கால் வைத்ததும் பிடித்துவிட்டார்கள். நூரைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிற சிலர் இந்த நோட்டு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதேசமயம், சந்தேகப்பட வேண்டிய அனுபவசாலிகள் லண்டனில் உட்கார்ந்துகொண்டு சந்தேகப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கையிலும் காலிலும் சங்கிலி போட்டு, சுமார் பத்து மாதம் தனியாக அடைத்து வைத்தார்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கீறி மற்றக் கைதிகளோடு பேசினார். அங்கேயும் செய்தி அனுப்புவதை விடவில்லை. 1944 செப்டம்பரில் அவரையும் வேறு மூன்று பெண் ஏஜென்ட்டுகளையும் ரயிலில் டாஹாவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோய், 13-ம் தேதி காலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூவரில் ஒருவர் மடலேன் டாமெர்மான். நூருக்கு அப்போது 30 வயது.

1946-ல் பிரான்ஸ் க்ருவா த கேர் பதக்கம் கொடுத்தது. 1949-ல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தது. 2012-ல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதை எழுதும்போது ஒரு குழப்பம் வந்தது. நூர் பாரிஸில் தட்டிக்கொண்டிருந்த அதே 1943 செப்டம்பரில், நம்ம சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதரையும் அவருடைய தோழர்களையும் தூக்கில் போட்டார்கள். மலாயாவில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, இந்திய விடுதலைக்காக இறங்கியவர்கள். தூக்கில் போட்டது நூருக்குப் பதக்கம் கொடுத்த அதே அரசு. வரலாறு சாரிடம் கேட்டேன். அடுத்த இதழுக்கு அதை நீயே எழுது என்று சொல்லிவிட்டார்.

என் பஸ்ஸர் பெட்டி இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓர மேசையில் இருக்கிறது. மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம், பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடாதீங்க. மோர்ஸில் நூர் என்ற பெயர் இப்படி வரும்: கோடு புள்ளி. கோடு கோடு கோடு. கோடு கோடு கோடு. புள்ளி கோடு புள்ளி.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி